வல்லமும் வள்ளமும்

பாம்பனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கடல். வாசலை விட்டு இறங்கி வடக்கே நடந்தால் பாக் விரிகுடா, கொல்லை வழியாகத் தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்போம், தெற்கே இருப்பதை ஆண்கடல் என்போம். பெண்கடல் ஆழமில்லாதது, சேறும் கடல்புல்லும் மண்டியது. ஆண்கடலில் பவளப்பாறையும் சங்கும் உண்டு; கோபமும் அதற்குக் கூடுதல். ராத்திரி எந்தக் கடல் இரைகிறது என்பதை வைத்துத்தான் மறுநாள் எந்தக் கரையிலிருந்து எங்கள் பாய்ப்படகான வல்லம் இறங்கும் என்பது முடிவாகும்.

தாத்தா திண்ணையில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். தூங்கிவிட்டார் என்று நினைத்திருப்போம். "தெக்குக் கடல் இரையுது" என்பார். அவ்வளவுதான். அம்மா எழுந்து கட்டுச்சோற்றுக்கு அரிசி களையப் போவாள். சோளகக் காற்று பிடித்துவிட்டது, இனி ஆவணி புரட்டாசி வரைக்கும் ஆண்கடலில் வேலை இல்லை, வல்லத்தை வடகரைக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பதெல்லாம் அந்த மூன்று வார்த்தைக்குள் இருந்தது. ஐப்பசியில் வாடை திரும்பும். அப்போது வடகடல் இரையும், தென்கடல் குளம்போல் ஆகிவிடும். வல்லங்கள் பாம்பன் கால்வாய் வழியாகத் தெற்கே திரும்பும். ஒரு கடல் கதவைச் சாத்தினால் இன்னொரு கடல் திறக்கும் தீவு எங்களுடையது. அதனால்தான் வறுமை இருந்தும் எங்கள் ஊர் பட்டினி கிடக்கவில்லை என்று அம்மா கடைசிவரை நம்பினாள்.

இப்போது அண்ணன் பேரன் கடலுக்குப் போகிறான். ஃபைபர் படகு, வெளியில் மாட்டும் எஞ்சின். சாயங்காலம் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியைத் தடவுவான். "சின்னத் தாத்தா, நாளைக்குக் காத்து நாப்பத்தஞ்சுல இருந்து அம்பத்தஞ்சு கிலோமீட்டராம். யாரும் போகக் கூடாதாம்." நான் தலையாட்டுவேன். அந்தக் கைபேசியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1964 டிசம்பர்ப் புயலின்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட ரேடியோ கிடையாது. அன்றைக்கு இது இருந்திருந்தால் எத்தனை பேர் திண்ணைக்குத் திரும்பியிருப்பார்கள் என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

ஆனால் பேரன் ஒருநாளும் காதைக் கொடுத்துக் கேட்டதில்லை. கேட்கச் சொல்லி நானும் கற்றுக்கொடுக்கவில்லை. நான் பள்ளிக்கூட வாத்தியாராகப் போய்விட்டேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நீராவி எஞ்சினும் நெம்புகோலும் சொல்லிக்கொடுத்தேன். தாத்தாவிடம் படித்ததை ஒருவருக்கும் சொல்லித்தரவில்லை.

*

நான் ஐந்தாவது படித்தபோது அப்பா புது வல்லம் கட்டினார். பழையது புயலில் போனபிறகு கட்டியது. கடனுக்குக் கட்டியது என்பதால் அதன் ஒவ்வொரு பலகையும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

படகு கட்டும் ஓடாவி வந்து வேப்பமரத்தடியில் கொட்டகை போட்டார். முதலில் ஏரா வைத்தார்கள். வல்லத்தின் முதுகெலும்பு அது. ஏரா வைக்கிற அன்று சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். தாத்தா தன் பங்குக்குத் தேங்காயும் உடைத்தார், சாமியார் அதைப் பார்க்காதவர்போல் நின்றார். பிறகு வங்குகள். வங்குக்கு நேரான மரம் ஆகாது. வளைந்தே வளர்ந்த கருவேலங்கிளையாகப் பார்த்து வெட்டவேண்டும். வெட்டி வளைத்தால் ஒருநாள் நிமிரும், வளர்ந்து வளைந்தது நிமிராது என்பார் ஓடாவி. அதற்காக அப்பாவும் அவரும் கரைப்பக்கம் போய் மூன்று நாள் மரம் பார்த்துத் திரிந்தார்கள். அளவு எழுதிய காகிதம் ஒன்றுகூட அவரிடம் இருந்ததில்லை. ஒரு நூல்கயிறு, அதில் நாலைந்து முடிச்சு. முடிச்சுக்கு முடிச்சு அவருக்கு அர்த்தம் தெரியும்.

கலப்பத்து வேலைதான் எங்களுக்குத் திருவிழா. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திரித்துத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அந்த மூட்டில் ஊற்றுவார்கள். தெருவெல்லாம் கோயில் வாசமும் அடுப்படி வாசமும் கலந்து வீசும். கடைசியில் சுறா எண்ணெயைத் தடவுவார்கள். அந்த நாற்றம் சட்டையில் ஏறினால் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் தள்ளி உட்காருவான். எனக்கு அதில் வெட்கமே இருந்ததில்லை. எங்கள் வீட்டில் புது வல்லம் கட்டுகிறார்கள் என்று ஊருக்குச் சொல்லும் வாசம் அது.

பாய்க்கு வெள்ளைத் துணி வாங்கி அம்மாவும் பெரியம்மாவும் தைத்தார்கள். மரப்பட்டையை வேகவைத்த சாற்றில் ஊறப்போட்டார்கள். உப்பும் ஈரமும் துணியைத் தின்னாமலிருக்க அதுதான் மருந்து. வெள்ளைத் துணி செங்கல் நிறமாகி வெளியே வந்தது. அம்மா கடலுக்குப் போனவள் இல்லை. ஆனால் அப்பா கடலில் இருந்த எல்லா நாளும் அவள் தைத்த தையலில்தான் காற்று நின்றது.

இன்றைக்கு ஃபைபர் படகு அச்சில் வார்த்து வருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரை நெடுக இதுதான் பரவியது. இலங்கை மறைத்துநின்றதால் எங்கள் தீவுக்கு அந்த அலையில் பெரிய சேதம் இல்லை, படகு மட்டும் மாறிவிட்டது. இலேசானது, உளுக்காது, நாலுபேர் இழுத்தால் கரையேறிவிடும். முதுகு ஒடிய வல்லம் தள்ளிய அப்பா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஓடாவியின் மகன் இப்போது வீடுகளுக்குக் கதவு சன்னல் செய்கிறார். நல்ல கைதான். என் வீட்டுக் கதவு அவர் செய்ததே. அந்த முடிச்சுக் கயிறு எங்கே என்று கேட்டேன். "அப்பா கூடவே போட்டுப் புதைச்சுட்டோம் சார்" என்றார்.

*

பாயோட்டத்தில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. காற்று ஒரு பக்கம் சாய்க்கும்போது குறுக்கே ஒரு நீளப் பலகையைப் போட்டு, காற்று வரும் பக்கம் அதை வெளியே நீட்டி, அதன் முனையில் ஆள் உட்காரவேண்டும். அந்த எடைதான் வல்லத்தை நிமிர்த்தும். காற்று கூடினால் இன்னும் வெளியே நகர வேண்டும். தணிந்தால் உள்ளே வரவேண்டும். விடுமுறை நாளில் அப்பா என்னையும் கூட்டிப்போய்ப் பெரியவர் ஒருவருக்குப் பின்னால் அந்தப் பலகையில் உட்காரவைப்பார். காலுக்குக் கீழே கடல் ஓடும். அப்பா பின்னணியத்தில் சுக்கானைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் பாயைப் பார்ப்பார். நான் எங்கே இருக்கிறேன் என்று பாய் அவருக்குச் சொல்லிவிடும்.

ஜேம்ஸ் ஹார்னெல் என்று ஒரு ஆங்கிலேயர், சென்னை மாகாண மீன்வளத்துறையில் இயக்குநராக இருந்தவர், இந்தியப் படகுகளைப் பற்றி 1920இல் எழுதினார். பாக் விரிகுடாப் படகுகளின் இந்தப் பலகையையும் கவனித்து எழுதியவர் அவர். வாத்தியாரான பிறகு அதைத் தெரிந்துகொண்டு அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நம்ம பலகையைப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள் என்றேன். அப்பா வலை பொத்திக்கொண்டே, "பலகையில யாரு உக்காந்திருந்தாக?" என்று கேட்டார். அவருக்குப் பலகை என்றால் அதில் உட்கார்ந்த ஆள்.

கரை மறைந்தபிறகும் திசை தெரிய ராமேஸ்வரம் கோயிலின் கிழக்குக் கோபுரம் போதும். 126 அடி. மாதா கோயிலுக்குப் போகிற எங்களுக்கும் கடலில் வழிகாட்டியது அந்தக் கோபுரம்தான். கோபுரமும் ஒரு பனங்கூட்டமும் ஒரே கோட்டில் வந்தால் இன்ன பாறை, கோபுரம் கலங்கரை விளக்கத்துக்கு இடப்பக்கம் ஒதுங்கினால் இன்ன சேறு என்று அப்பாவின் தலைக்குள் ஒரு வரைபடம் இருந்தது. ராத்திரிக்கு ஆறாமீனும் விடிவெள்ளியும். பிறகு 323 மீட்டர் உயரத்தில் தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது; இந்தியத் தொலைக்காட்சிக் கோபுரங்களிலேயே உயரமானது. அண்ணன் காலத்தார் அதைப் பார்த்துக் கரை திரும்பினார்கள். பேரனுக்கு இரண்டும் வேண்டாம், கைக்குள் ஜிபிஎஸ் இருக்கிறது. அப்பாவின் பாறைகள் அதில் எண்களாக இருக்கின்றன. ஒரு பாறைக்குத் தாத்தா பெயரால் ஒரு பெயர் இருந்ததை அவனிடம் சொன்னேன். அவன் உடனே அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரைத் தட்டிப் பதிந்துகொண்டான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறக்கும்வரை எதிர்க்கரையிலிருக்கும் மண்டபத்துக்குப் போக ரயில், இல்லையென்றால் வல்லம். தங்கை பிறக்கிற ராத்திரி ரயில் இல்லை. அப்பா அம்மாவைப் பாய்மேல் கிடத்தி, கால்வாய் நீரோட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனார். அந்த இரண்டு கிலோமீட்டரை அவர் எப்படிக் கடந்தார் என்று அம்மாதான் சொல்லுவாள். அப்பா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

1914இல் கட்டிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியை ஆட்கள் கையால் சுழற்றித் திறப்பார்கள். இரண்டு இறக்கைகள்போல அது மேலே எழும்போது கப்பலைவிட அந்த மனிதர்களைத்தான் நாங்கள் வேடிக்கை பார்ப்போம். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகிறது, மோட்டார் தூக்குகிறது. திறந்த வாரத்தில் நானும் போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. பழைய பாலத்தில் கடல் காற்றில் நின்று சுழற்றிய கைகளை யாராவது படமெடுத்து வைத்திருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

*

1964 டிசம்பர் 22 ராத்திரி இரண்டு கடலும் சேர்ந்து இரைந்தன. தாத்தா எழுந்து உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதது எங்களுக்குப் பயமாக இருந்தது. எனக்கு ஒன்பது வயது. விடிந்தபோது கூரை இல்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயில் பயணிகளோடு போய்விட்டது என்றார்கள். தனுஷ்கோடியே போய்விட்டது என்று அடுத்த நாள் சொன்னார்கள். கோயில், தபாலாபீஸ், ரயில் நிலையம், இலங்கைக்குக் கப்பல் ஏறும் துறை, எல்லாம். அங்கே கரைவலை இழுத்த உறவுக்காரர்கள் பதினோரு பேர் எங்களுக்கு.

மேட்டில் ஏற்றிக் கட்டியிருந்த அப்பாவின் வல்லம் பனங்காட்டுக்குள் இரண்டாகக் கிடந்தது. அப்பா அதன் அணியத்தைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்துல் கலாமின் தந்தை கட்டிய படகும் அதற்கு முன்னால் ஒரு புயலில் போனதைக் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். எங்கள் தீவில் பழைய குடும்பங்களில் புயலுக்கு ஒரு படகு கொடுக்காத வீடு குறைவு.

*

பாயோட்டக் காலத்தை நான் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். ஆவுளியா கறி எங்கள் வீட்டு அடுப்பிலும் வெந்தது. அந்தக் கடல்பசு தன் குட்டியை அணைத்துப் பால்கொடுக்கும் என்று அப்போதே தெரியும், தெரிந்தும் தின்றோம். இன்றைக்குச் சட்டம் அதைக் காக்கிறது. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்றே ஒதுக்கினார்கள். அதைப் படித்தபோது ஒரு பழைய கடன் கொஞ்சம் அடைந்ததுபோல் இருந்தது.

வேறொன்றுதான் நெஞ்சை அறுக்கிறது. பாய் இருந்தவரை எப்போது போகக்கூடாது என்பதைக் காற்று சொன்னது. வருஷத்தில் எத்தனையோ நாள் வல்லம் கரையில் கிடக்கும். அந்த நாளில் மீன் வளர்ந்தது, வலை பொத்தப்பட்டது, கல்யாணம் பேசப்பட்டது. அறுபதுகளுக்குப் பிறகு விசைப்படகு பெருகியது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை. அண்ணன் படிப்பை விட்டு விசைப்படகில் ஓட்டுநராகப் போனான். என் படிப்புச் செலவு அந்தப் பணத்தில் நடந்தது. அதை மறந்து பேசினால் எனக்குச் சோறு ஒட்டாது. இழுவைமடி சேற்றை வாரிக்கொண்டு வந்தது. இறால் ஒரு கூடை, சங்காயம் பத்துக் கூடை. விரல்நீளக் காரல், கண்திறக்காத நண்டு, முட்டை சுமந்த கணவாய் எல்லாம் ஒன்றாய்க் குவிந்து கோழித்தீவனத்துக்குப் போகும். ஒருநாள் அப்பா தளத்துக்குப் போய் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு வந்தார். அண்ணனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி அம்மாவிடம், "விதைநெல்லைக் குத்துறாங்க" என்றார்.

காற்று சொன்னதை இப்போது அரசாணை சொல்கிறது. 2001இலிருந்து 45 நாள், 2017இலிருந்து 61 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகக்கூடாது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று எங்கள் பக்கம் ஏற்பாடு இருக்கிறது. தடை வேண்டும். இன்னும் கடுமையாகவே வேண்டும் என்பேன். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற பெண்கள், காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு பாறையில் முங்குகிறவர்கள், மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் எடுப்பதில்லை என்று தங்களுக்குத் தாங்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். யாரும் ஆணை போடவில்லை. பாசி மறுபடி முளைக்க நாள் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். கடலோடு பேசத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றால் அங்கேதான்.

*

எங்கள் அத்தையை இலங்கைப் பக்கம் நெடுந்தீவில் கட்டிக்கொடுத்திருந்தது. அப்பாவின் ஒரே தங்கை. மதுரையில் கட்டிக்கொடுத்தால் பார்க்க முடியாது, நெடுந்தீவு என்றால் ஒரு ராத்திரிப் பாயோட்டம்தானே என்று தாத்தா அன்றைக்குக் கணக்குப் போட்டார். வருஷத்துக்கு ஒருமுறை கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. மாசியில் வாடை தணிந்ததும் நடுராத்திரி வல்லம் இறக்குவோம். குடிதண்ணீர்க் குடம், அரிசி, விறகு, அத்தைக்கு ஒரு சேலை. காலையில் அந்தச் சின்னக் கோயில் தெரியும். எதிர்த்திசையிலிருந்து அவர்கள் படகு வரும். அத்தை கரை வருவதற்கு முன்னாலேயே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்து வருவாள், தலையில் புழுக்கொடியல் பொட்டலம், அவித்து உலர்த்திய பனங்கிழங்கு. இரண்டு நாள் மரத்தடியில் ஒரே அடுப்பு. யாரிடமும் ஒரு சீட்டும் கேட்டவர் இல்லை. அந்தத் தீவு யாருடையது என்று நான் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "அந்தோணியாருடையது" என்றார்.

ஒவ்வொரு வருஷமும் அத்தையின் பேச்சு கொஞ்சம் மாறியிருக்கும். நாங்கள் வல்லம் என்போம், அவள் வள்ளம் என்பாள். அப்பா அவளைக் கேலி செய்வார். "ஒரு எழுத்துக்கு இவ்வளவு சிரிப்போ அண்ணை?" என்பாள்.

1974 ஜூனில் ஒப்பந்தமாகிக் கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. திருவிழாவுக்குப் போகச் சீட்டு வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். பிறகு இலங்கையில் போர் வந்தது. 1985 மே 15 அன்று நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய குமுதினி படகில் பயணிகளைக் கடலிலேயே வெட்டிக் கொன்ற செய்தி பத்திரிகையில் வந்தது. பெயர்கள் இல்லை. அப்பா அந்தப் பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வடகரையில் போய் நின்றார். ஒரு ராத்திரிப் பாயோட்ட தூரம். போக முடியாது. அத்தை உயிரோடு இருக்கிறாள் என்ற கடிதம் வந்துசேர ஐந்து மாதம் ஆனது. அதற்கு நாலு வருஷம் கழித்து அப்பா இறந்தார். வல்லத்தை விறகுக்கும் வாங்க ஆளில்லை, கரையிலேயே மக்கியது.

போர் முடிந்து திருவிழா மறுபடி தொடங்கியபின் ஒரு வருஷம் பெயர் பதிந்து, அடையாள அட்டையும் புகைப்படமும் கொடுத்து, சோதனைக்கு வரிசையில் நின்று, மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு விசைப்படகில் போனேன். மூன்று மணிநேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். கரையில் இரண்டு நாட்டு ஆட்களும் நிறைய சீருடைகளும்.

அத்தையின் மகன் கைகாட்டினான். மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தை. எண்பதுக்குப் பக்கம். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். உள்ளங்கை அப்பாவுடையதுபோலவே இருந்தது. பையைத் திறந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். புழுக்கொடியல். பிறகு என் தோளுக்கு மேலாகக் கடலைப் பார்த்தாள். வரிசையாக நின்ற விசைப்படகுகளில் எதையோ தேடினாள்.

"அண்ணன்ட வல்லம் எங்கையடா?"

வல்லம் என்றுதான் சொன்னாள். அதை எங்கள் எழுத்திலேயே, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பாம்பன் வாயால் சொன்னாள். அது மக்கிப்போனது என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள். வெகுநேரம் பேசவில்லை. ஒலிபெருக்கியில் எங்கள் படகின் எண்ணைக் கூப்பிட்டார்கள், எழுந்தேன். என் கையை விடவில்லை.

"தெக்குக் கடல் இரையிறது இப்பவும் வீட்டுக்குக் கேக்குமோ?"

"கேக்கும் அத்தை. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல. பாலத்துல லாரியெல்லாம் ஓஞ்ச பிறகு."